கூதிர்காலமும் கூரை வீடும்

கூதிர் என்றால் ஐப்பசியும் கார்த்திகையும். குறிஞ்சித் திணைக்குரிய பெரும்பொழுது. இதை எழுதி மதிப்பெண் வாங்காத எம்.ஏ. தமிழ் மாணவர் கிடையாது. நானும் வாங்கினேன். ஆனால் அந்த ரெண்டு மாசமும் யாருக்கு எப்படிக் கழியும் என்று எந்த வினாத்தாளிலும் கேள்வி வந்ததில்லை. தலைவனும் தலைவியும் கூடுவதற்கோ பிரிவதற்கோ தோதான குளிர் என்பதோடு பருவத்தின் வேலை முடிந்துவிடுகிறது. அந்த மழை யார் வீட்டுக் கூரைமேல் விழுந்தது என்பது இலக்கணத்துக்கு அப்பாற்பட்ட சங்கதி.

தமிழிலக்கியத்தில் குடிசை நிறைய இருக்கிறது. குடிசையை விழாமல் நிற்க வைக்கிற உழைப்பு இல்லை. இரண்டாயிரம் வருஷமாகக் குடிசையை வெளியே நின்று பார்த்திருக்கிறார்கள். வறுமைக்கு ஒரு படம், எளிமைக்கு ஒரு படம், பக்திக்கு ஒரு படம். உள்ளே ஒருத்தி சேற்றுக் கையோடு உட்கார்ந்து சுவரடியைப் பூசிக்கொண்டிருந்தது எந்தப் புலவர் கண்ணிலும் படவில்லை. பட்டிருந்தாலும் அது பாட்டுக்கான பொருளாகத் தோன்றியிருக்காது.

கூதிர்காலத்தைப் பாடிய நூல்களில் நெடுநல்வாடைக்குத்தான் முதலிடம் கொடுக்கிறார்கள். நக்கீரர் பாடியது, 188 அடி. நுட்பமான பாட்டு, மறுப்பதற்கில்லை. கையில் கொள்ளியை வைத்துக்கொண்டு கன்னம் நடுங்க நிற்கிற இடையர்கள் வருகிறார்கள். மேயலை மறந்த விலங்குகள் வருகின்றன. அதற்கப்புறம் பாட்டு ஊருக்குள் போய் மாளிகைக்குள் நுழைந்துவிடுகிறது. அங்கே கூதிர் என்றால் என்ன? சந்தனம் அரைக்கிற கல் சும்மா கிடக்கிறது. விசிறியைச் சுருக்கித் தொங்கவிட்டதில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. சாளரக் கதவைத் தாழ் போட்டாயிற்று. தடாவில் நெருப்பு எரிகிறது. பிறகு அரண்மனை. நிழல் சாயாத நேரம் பார்த்து, கயிறு பிடித்து அளந்து கட்டியது. அதன் சுவர் செம்பில் செய்தது போல இருக்கிறதாம். அந்தச் சுவருக்கு மண்ணும் சாந்தும் சுமந்தவர்கள் அன்றைக்கு ராத்திரி எங்கே படுத்தார்கள் என்று வகுப்பில் ஒரு தடவை கேட்டேன். ‘பாட்டுல இல்லாததக் கேக்கக் கூடாதும்மா’ என்று பதில் வந்தது. பாட்டில் இல்லாததைக் கேட்பதுதான் நம்முடைய விமரிசனம் என்று பிற்பாடுதான் எனக்குப் புரிந்தது.

சரி, பாட்டில் இல்லாததைச் சொல்லிவிடுகிறேன்.

புதுக்கோட்டைப் பக்கம் மழை என்றால் அது வடகிழக்குப் பருவமழைதான். வருஷத்து மழையில் ஏறக்குறையப் பாதி இந்த மூணு மாசத்தில் கொட்டிவிடும். ஆறு என்று பெரிதாக எதுவும் கிடையாது, கம்மாய்தான் எல்லாம். கம்மாய் நிறைந்தால்தான் நடவு. ஆக, எங்க சேரிப் பொம்பளைகளுக்கு ஐப்பசி என்பது பகலெல்லாம் அடுத்தவன் வயலில் நாற்று நடுகிற மாசம். கூரை ஒழுகுகிற மாசமும் அதுவேதான். வயல்சேறு கழுவாத காலோடு வந்து வீட்டுச் சேற்றில் கை வைக்கணும்.

எங்க அம்மாவுக்குக் கூதிர்காலம் பங்குனியிலேயே தொடங்கிவிடும். கம்மாய் வற்றினதும் அடியில் வெடித்துக் கிடக்கிற கரம்பையைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து வந்து வீட்டுப் பின்னால் குவித்து வைக்கும். அதுவும் ஊர்த்தெருக்காரர்கள் வண்டிகட்டி அள்ளி முடித்த பிறகுதான். ‘இவளுக்கு எதுக்கு அம்புட்டு மண்ணு, மாளிகையா கட்டப்போறா?’ என்று கேட்பார்கள். கரம்பையோடு செம்மண்ணைச் சேர்த்து, வரகு வைக்கோலைப் பொடிசாக நறுக்கிப் போட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நாள் புளிக்க வைத்து மிதிக்கணும். வைக்கோல் குறைந்தால் சுவர் வெடிக்கும். கூடினால் கறையான் வரும். வெறும் செம்மண் என்றால் கரைந்து ஓடும், வெறும் கரம்பை என்றால் காய்ந்ததும் பிளக்கும். இந்தக் கணக்கு எந்தச் சிற்ப சாஸ்திரத்தில் இருக்கிறதோ தெரியாது. எங்க அம்மாவின் குதிகாலில் இருந்தது.

மண்சுவரை மழை மேலேயிருந்து அழிப்பதைவிடக் கீழேயிருந்து அழிப்பதுதான் அதிகம். கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து தெறித்துத் தெறித்துச் சுவரின் காலை அரிக்கும். அதனால்தான் எறவாணத்தை அவ்வளவு தாழ்த்தி இறக்குகிறார்கள். சேரி வீட்டு வாசலில் குனிந்து நுழைய வேண்டியிருப்பதைப் பணிவு என்றும் அடிமை மனோபாவத்தின் அடையாளம் என்றும் எழுதியவர்கள் உண்டு. நம்மவர்களே எழுதியிருக்கிறார்கள். அது சுவரைக் காப்பாற்றுகிற வேலை, அவ்வளவுதான். சுவரை ஒட்டிச் சின்னதாக ஒரு திண்ணை வைப்பதும் உட்காருவதற்காக மட்டும் இல்லை, சுவரின் காலுக்கு அது ஒரு அணை. முதல் மழைக்கு முன்னால் ஒருமுறை, தீபாவளி கழிந்து ஒருமுறை என்று திண்ணையடியை அம்மா பூசும். நடுவில் எங்கே கரைந்தாலும் ராத்திரியோடு ராத்திரியாக அரிக்கன் விளக்கை வைத்துக்கொண்டு பூசும்.

கூரைக்கு வந்தால் மாவட்டம் ரெண்டாகப் பிரியும். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னை. மட்டையை ரெண்டாகப் பிளந்து தண்ணீரில் ஊறப்போட்டு முடைவார்கள். மேற்கே அன்னவாசல், விராலிமலைப் பக்கம் பனையோலையும் வைக்கோலும். கீத்து ஒரு மழை தாங்கும், மிஞ்சினால் ரெண்டு. பனையோலை இன்னும் கொஞ்ச காலம் நிற்கும். கைமரத்துக்குப் பனை கிடைத்தால் யோகம், இல்லையென்றால் தைலமரக் கம்புதான். 1970களிலிருந்து எங்க மாவட்டத்துக் காட்டையெல்லாம் தைலமரத் தோட்டமாக மாற்றினார்கள். தண்ணீரைக் குடித்துத் தொலைத்த மரம்தான், கூரைக்குக் கம்பு கொடுத்ததையும் சொல்லியாகணும். கீத்து முடைகிறவர்கள் பெரும்பாலும் பொம்பளைகள். அடுத்தவன் மாட்டுக்கொட்டகைக்குப் புதுக் கீத்தை முடைந்து கொடுத்துவிட்டு, அங்கே பிரித்துப்போட்ட பழங்கீத்தைக் கேட்டு வாங்கி வந்து தன் வீட்டு மோட்டுக்குச் செருகுவார்கள். ஒழுகல் தொடங்குகிற இடம் மோடுதானே.

இன்னொன்று. அடுப்புப் புகைதான் கூரைக்கு மருந்து. தினமும் புகை ஏறுகிற கூரையில் பூச்சி அண்டாது, ஓலை சீக்கிரம் மக்காது. அடைமழையில் வேலையும் இல்லை, விறகும் நனைந்துபோச்சு என்றால் உலை ஏறாது. உலை ஏறாவிட்டால் புகை ஏறாது. நாலு நாள் பட்டினி கிடந்த வீட்டின் கூரையும் சேர்ந்து அழுகும். அதனால் அம்மா அடுப்புக்கு மேலே பரண் கட்டி வேலிக்கருவை விறகை அடுக்கி வைத்திருக்கும். சாப்பாட்டைவிட விறகுக்குக் காவல் அதிகம். தீப்பெட்டி அரிசிப் பானைக்குள் கிடக்கும்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு சிறுபாணாற்றுப்படைக்குத் திரும்புவோம். கிணைப் பறை கொட்டுகிறவன் வீட்டு அடுக்களை அதில் வருகிறது. கட்டை சோர்ந்துபோன பழஞ்சுவர், கறையான் அரித்த மண், அதில் பூத்த காளான், கண் திறக்காத குட்டிகளைப் போட்ட நாய். அந்த வீட்டுக்காரி நகத்தால் கிள்ளிய குப்பைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, அறியாதவர்கள் பார்த்துவிடுவார்களே என்று நாணிக் கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு சாப்பிடுகிறாள். வறுமையிலும் செம்மை என்று இதற்கு விளக்கம் சொல்லுவார்கள். நத்தத்தனார் கவனமாகத்தான் பார்த்திருக்கிறார். காளானையும் கறையானையும் கண்டவர் சாதாரண ஆள் இல்லை. ஆனால் ஒரு கேள்வி. கீரையை நகத்தால் கிள்ளத் தெரிந்த அந்தக் கைக்குச் சுவரைப் பூசத் தெரியாதா? தெரியும். பாட்டுக்கு அந்தச் சுவர் விழுந்தே கிடந்தாகணும். விழுந்து கிடந்தால்தான் நல்லியக்கோடனின் கொடை பெரிதாகத் தெரியும். ஆற்றுப்படை என்கிற வடிவமே ஏழை வீட்டின் சுவரை இடித்துத்தான் எழும்புகிறது. அவள் பூசின சுவர் வள்ளலுக்கு இடைஞ்சல்.

சேக்கிழார் வேறு மாதிரி. திருநாளைப்போவார் புராணத்தில் ஆதனூர்ப் புலைப்பாடியைக் காட்டுகிறார். பழைய கூரைமேல் சுரைக்கொடி படர்ந்த புல்வீடுகள், நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற சிறுவர்கள், மருதமர நிழலில் தோல்மேல் குழந்தையை உறங்கவைக்கும் உழத்தி, மாமரத்தில் தொங்கும் பறை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒரு சேரியை இத்தனை நெருங்கிப் பார்த்த இன்னொரு பிரதியை எனக்குத் தெரியாது. புலைப்பாடி என்ற பெயரில் இருக்கிற இழிவையும் மீறி இதைச் சொல்கிறேன். ஆனால் அந்தச் சுரைக்கொடி எதற்குக் கூரைமேல் ஏறியது? உரையாசிரியர்கள் அதை மருதநிலத்துச் செழிப்பு என்பார்கள். கூரை வீட்டில் பிறந்தவர்களைக் கேளுங்கள். ஆடியில் போட்ட சுரை ஐப்பசி கார்த்திகையில் காய்க்கும். படர்வதற்குப் பந்தல் போட இடம் வேணும். சுற்றிலும் இருக்கிற நிலமெல்லாம் அடுத்தவனுடையது. மிதித்தால் கேட்பான், விதைத்தால் பிடுங்குவான். யாரும் வந்து கேட்காத ஒரே நிலம் கூரைதான். நிலமில்லாதவனின் வயல் அவன் வீட்டுக் கூரை. கொடியின் ஈரத்தில் ஓலை மக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். காயா, கூரையா என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு தீர்மானம் எடுக்கணும். எங்க அம்மா பெரும்பாலும் காயைத்தான் எடுத்தது. மழைக்கால ராத்திரியில் கொடி ஏறிய மூலையில் ஒழுகும், அந்த மூலையில் சட்டியை வைத்துவிட்டு நாங்கள் இந்தப் பக்கம் ஒண்டிக்கொள்வோம். சேக்கிழார் கொடியைப் பார்த்தார். கொடிக்குக் கீழே ஒழுகியதை அவர் பார்த்திருக்க நியாயமில்லை.

சோம்பேறிகள், அதனால்தான் வீடு அப்படியே கிடக்கிறது என்கிற பொதுப்புத்திக்கு இங்கே பதில் சொல்லிவிட வேண்டும். கூரை வீடு கூரை வீடாகவே இருந்தது இயற்கை இல்லை. அதற்குப் பின்னால் உத்தரவுகள் இருந்தன. கரூர் பசுபதீசுவரர் கோயில் கல்வெட்டு ஒன்றில் வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்கு அரசன் சில உரிமைகளைக் கொடுக்கிறான். நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், செருப்புப் போடலாம், வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். கோயில் கட்டுகிற, சிலை வார்க்கிற கம்மாளனுக்கே தன் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச ராஜாவின் அனுமதி தேவைப்பட்டது என்றால், அவனுக்கும் கீழே வைக்கப்பட்டவர்களின் சுவரைப் பற்றித் தனியாகச் சொல்லணுமா? ரொம்பப் பழைய கதை என்று தள்ளவும் முடியாது. எங்களுக்குப் பக்கத்துச் சீமையான ராமநாதபுரத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் போட்ட எட்டுத் தடைகளை ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது என்பது ஒன்று. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது என்பது இன்னொன்று. நனைவதும் ஒழுகுவதும்கூடச் சாதிக் கடமையாக விதிக்கப்பட்டிருந்தது.

நவீன இலக்கியத்துக்கு வந்தால் குடிசை எரிகிறது. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ நாவலுக்கு 1977இல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. பண்ணையாரின் ஆண்மைக் குறைவில் போய்க் காரணம் தேடிய நாவல் அது. கூலிப் போராட்டத்தைப் படுக்கையறைச் சிக்கலாக ஆக்கிவிட்டது என்ற விமரிசனம் பலமுறை வந்தாயிற்று, நான் திரும்பச் சொல்லவில்லை. வெண்மணிக்கு 6 வருஷம் கழித்து, 1974இல் தாட்கோ தொடங்கியபோது, ஆதிதிராவிடர்களுக்குத் தீப்பிடிக்காத வீடு கட்டித் தருவதுதான் அதன் முதல் வேலையாக இருந்தது. தீப்பிடிக்காத வீடு என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். கொளுத்துகிறவனை மாற்றுவது கஷ்டம் என்று கூரையை மாற்றக் கிளம்பியிருக்கிறார்கள். கூரை மாறியும் தீ நிற்கவில்லை. 2012 நவம்பர் 7இல், ஐப்பசி மாசத்தில், தர்மபுரி மாவட்டம் நத்தத்திலும் பக்கத்துக் காலனிகளிலும் எரிந்த வீடுகளில் ஓட்டு வீடும் இருந்தது, தளம் போட்ட வீடும் இருந்தது.

1989இல் சிவகாமியின் ‘பழையன கழிதலும்’, 1992இல் பாமாவின் ‘கருக்கு’ என்று நம்முடைய எழுத்து வந்த பிறகு சேரி உள்ளேயிருந்து பேசத் தொடங்கியது. குறை எழுத்தில் இல்லை, அதைப் படித்த நம் விமரிசனத்தில் இருக்கிறது. வன்கொடுமை எங்கே, எதிர்ப்பு எங்கே என்று தேடித்தேடிக் கோடு போட்டோம். மெழுகுவதும் வேய்வதும் முடைவதும் வந்த பக்கங்களை ‘இனவரைவியல் விவரணை’ என்று ஓரத்தில் குறித்துவிட்டுத் தாண்டிப்போனோம். ஆண் தோழர்கள் மட்டும் இல்லை, கூட்டங்களில் பேசுகிற பெண்களும்தான். தீக்கு முதல் தகவல் அறிக்கை உண்டு, மழைக்கு இல்லை. வழக்கு இல்லாத துன்பம் நம் கண்ணிலும் துன்பமாகப் படவில்லை.

மழைக்கும் பெயர் உண்டு. 2019 டிசம்பர் 2, கார்த்திகை மாசத்து விடியற்காலை. மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு தனியார் வீட்டின் உயர்ந்த சுற்றுச்சுவர் மழையில் சரிந்து பக்கத்து வீடுகள்மேல் விழுந்தது. 17 பேர் செத்தார்கள், எல்லாரும் தலித்துகள். தீண்டாமைச் சுவர் என்றுதான் அங்கே போராடியவர்கள் சொன்னார்கள். செத்தவர்கள் வீட்டுச் சுவரடியை யாரோ ஒருத்தி வருஷாவருஷம் பூசித்தான் வைத்திருப்பாள். மேலே நின்ற சுவர்மேல் அவளுக்கு என்ன அதிகாரம்?

கஜா புயல் 2018 நவம்பர் 16இல் வந்தது. ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கிற சமயம். எங்க மாவட்டத்தில் ஆலங்குடி, கீரமங்கலம், கறம்பக்குடிப் பக்கம் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அரசு அறிவித்த நிவாரணத்தில் விழுந்த தென்னை ஒன்றுக்கு, வெட்டி அகற்றுகிற செலவோடு சேர்த்து 1,100 ரூபாய். முழுசாகப் போன குடிசைக்கு 10,000 ரூபாய். ஒரு குடிசை ஏறக்குறைய ஒன்பது தென்னை. மரம் இழந்தவர்களின் கஷ்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. தென்னை போனதால் அவர்கள் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்களுக்கும் வேலை போனது, கீத்தும் போனது. கூரைக்கு ஓலை தந்த மரம் கூரையோடு சேர்ந்து விழுந்தது. ஆனால் மரத்தை எண்ணுவதற்கு ஆள் வந்தார்கள். குடிசைக்குள் ஊறிக் கரைந்த பத்து வருஷத்துப் பூச்சை எந்தக் கணக்கில் எழுதுவது?

இப்போது ராயவரம் பக்கம் போனால் செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சைப் பற்றிப் பேச எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் என்று பக்குவம் சொல்லுகிறார்கள், கண்ணாடி மாதிரி மின்னுகிறது என்கிறார்கள். மின்னட்டும். நகரத்தார் வீட்டுச் சுவர் பாரம்பரியம், எங்க அம்மா பூசின சுவர் சேறு. அதோடு மண்வீடு, கூரைவீடு எல்லாம் சுற்றுலா விடுதிகளில் வாடகைக்கும் கிடைக்கின்றன. ஐப்பசியில் பாதி ராத்திரி ஒழுகினால் அங்கே யாரைக் கூப்பிடுவார்களோ.

நான் குடிசைக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஒரு குடிசைகூட மிஞ்சக் கூடாது. 2024இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடு, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் என்கிறது. வரட்டும், நம் தெருவுக்கு முதலில் வரட்டும். ஆனால் முன்னால் வந்த தொகுப்பு வீடுகளின் நிலைமை நமக்குத் தெரியும். எங்க அம்மா இருக்கிற காலனி வீட்டில் மேல்தளம் காரை உதிர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது. கார்த்திகை ராத்திரியில் உள்ளே படுக்கப் பயந்துகொண்டு வாசலில் கீத்துச் சாய்ப்பு இறக்கி அதன் கீழே படுக்கிறார்கள், அம்மா மட்டும் இல்லை, அந்த வரிசையே. ‘மண்ணுன்னா நானே கொழச்சுப் பூசிருவேன். இதுக்கு யாரப் போயி கேக்குறது?’ என்கிறது அம்மா. காரைக்கு ஒப்பந்தக்காரன் வேணும், அவனுக்கு ஒன்றிய அலுவலகம் சொல்லணும், அதற்கு மனு எழுதணும். குதிகாலில் இருந்த அறிவு அங்கே செல்லாது. வீட்டைக் கொடுத்தவர்கள் அதைப் பராமரிக்கிற அதிகாரத்தைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த இதழுக்குச் சாட்சியம் எழுதித் தரப்போகிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊர்க்கூட்டத்தில் என்ன பேசினார்கள், போலீஸ் என்ன செய்தது என்று எழுதுங்கள். கூடவே, உங்க வீட்டுக் கூரையைக் கடைசியாக மாற்றியது யார், ஓலை எந்தத் தோப்பிலிருந்து வந்தது, கரம்பை அள்ள யார் முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது, ஒழுகின ராத்திரியில் யார் எந்த மூலையில் உட்கார்ந்திருந்தீர்கள் என்பதையும் உங்க அம்மாக்களிடம் கேட்டு எழுதுங்கள்.